எடை குறைந்த தோட்டாக்கள்

எங்கள் கோடியாக் தீவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இரண்டாவது தோட்டாவைச் செலவழிக்க ரொம்ப யோசிப்பார்கள். முதல் வெடி மானுக்கு, இரண்டாவது வெடி கரடியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு என்று ஒரு பேச்சு உண்டு. கோடியாக் கரடிகளுக்கு அக்டோபர் மாதத்து வெடிச் சத்தம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒருவர் ரைஃபிளோடு போனால், இன்னொருவர் ரிவால்வரோடு காவலுக்குப் போவார். ஒருவர் குனிந்து மானை அறுக்க, மற்றவர் நிமிர்ந்து நின்று புதரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம் மார்ஃபா அறுத்தாள், மிலா காவல் நின்றாள்.

மார்ஃபா என் சித்தப்பா மகள். மிலா அவளுடைய அண்ணன் ட்ரெஃபோனின் மனைவி. மிலாக்ரோஸ் என்பது முழுப்பெயர். சின்ன வயதில் பிலிப்பைன்ஸிலிருந்து அப்பாவோடு வந்தவள், நகரத்தில் மீன் பதனிடும் ஆலையில் கத்தி பிடித்து வளர்ந்தவள். ட்ரெஃபோன் அவளைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு அழைத்து வந்தபோது, இந்த மழைக்கும் தனிமைக்கும் இவள் ஒரு வருஷம் தாங்குவாளா என்று எல்லாரும் பேசினோம். அவள் தாங்கிவிட்டாள். ட்ரெஃபோன்தான் தாங்கவில்லை. அதற்கு முந்தின குளிரில் படகை நீரில் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் இந்த இரண்டு பெண்கள் மட்டும். மார்ஃபா கல்யாணம் செய்துகொள்ளாதவள், பிறந்ததிலிருந்து அந்த வீட்டிலேயே இருந்தவள். வீடு ட்ரெஃபோன் பேரில் இருந்தது, அவனுக்குப் பிறகு மிலாவின் பேருக்கு வந்துவிட்டது. மிலா அதை விற்றுவிட்டு நகரத்துக்குப் போகப் போகிறாள் என்று யாரோ மார்ஃபாவின் காதில் போட்டிருந்தார்கள். மிலா தன் வாயால் சொல்லவில்லை, இவளும் நேராகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, மேஜையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் குளிருக்குக் கறி வேண்டும். அதற்காகச் சேர்ந்துதான் போக வேண்டியிருந்தது.

படகில் போகும்போதே மார்ஃபா ஆரம்பித்துவிட்டாளாம். "நகரத்துல மான் கறி கிடைக்குமா அண்ணி? கண்ணாடித்தாள் சுத்தி அடுக்கி வச்சிருப்பாங்களோ?"

"கிடைக்கும். குத்திக் காட்டுற பேச்சை மட்டும் கூட வச்சு விக்க மாட்டாங்க," என்றாளாம் மிலா.

மிலாவின் மார்பில் உறைக்குள் இருந்தது ட்ரெஃபோனின் ரிவால்வர். அவன் வழக்கமாக வாங்கும் தோட்டா அந்த வருஷம் எங்கள் கடைக்கு வரவில்லை. வேறொரு கம்பெனியின் பெட்டி வந்திருந்தது. தொழிற்சாலையில் அடைத்த புதுச் சரக்கு, பளபளவென்று இருந்தது. மார்ஃபா கவனக்குறைவானவள் இல்லை. முந்தின நாள் கடற்கரையில் ஒரு டப்பாவை வைத்து அந்தப் பெட்டியிலிருந்து இரண்டைச் சுட்டுப் பார்த்தாள். இரண்டும் இடி மாதிரி வெடித்தன. திருப்தியோடு ஆறு தோட்டாக்களை உருளையில் போட்டு, அண்ணியின் கையில் கொடுத்தாள்.

அவர்கள் போன இடம் எனக்கு நன்றாகத் தெரியும். விரிகுடாவின் கோடியில் ஒரு ஓடை கடலில் வந்து விழும். ஓடையை ஒட்டியே மேலே ஏற வேண்டும். இரண்டு பக்கமும் செங்குத்தான ஈரச் சரிவு, அதில் ஆல்டர் புதர் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நாய்கூட நுழைய முடியாது. கொஞ்ச தூரம் போனால் ஒரு அருவி, அதற்கு மேல் வழியில்லை. வருவதும் போவதும் அந்த ஒரே பள்ளத்தில்தான்.

பள்ளத்தின் நடுவில் மார்ஃபா ஒரு கொழுத்த ஆண் மானைச் சுட்டாள். ஒரே வெடி. ரைஃபிளைப் பக்கத்துக் கிளையில் சாய்த்துவிட்டு வயிற்றைக் கிழித்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. காற்று கடலிலிருந்து மேலே வீசியதால், கீழிருந்து வருவதன் வாடை முதலில் மிலாவுக்குத்தான் வந்தது. ஈர நாயும் அழுகிய மீனும் கலந்த வாடை என்று பிறகு சொன்னாள். அவள் திரும்புவதற்குள் புதர் பிளந்து கரடி வெளியே வந்துவிட்டது.

அது நின்று யோசிக்கிற கரடி இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக ஓடி வந்தது. மிலா ரிவால்வரை உருவி, இரண்டு கையாலும் பிடித்து, அதன் மார்பைப் பார்த்து விசையை அழுத்தினாள்.

இடி கேட்கவில்லை. பாட்டில் மூடி திறக்கிற மாதிரி "பட்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையில் உதைப்பே இல்லை. அவள் மறுபடி அழுத்தினாள். விசை அசையவில்லை. பலமெல்லாம் சேர்த்து அழுத்தினாள். உருளை கல்லாகிவிட்ட மாதிரி இருந்தது.

கரடி அவளைத் தாண்டி மார்ஃபாவின் மேல் போய் விழுந்தது.

அதன்பிறகு நடந்ததை இரண்டு பேருமே ஒழுங்காகச் சொன்னதில்லை. மார்ஃபா முகத்தை மண்ணில் புதைத்து, கைகளால் கழுத்தை மூடிக்கொண்டாள். கரடி அவள் தொடையைக் கவ்வி, ஈரத்துணியை உதறுகிற மாதிரி உதறியது. மிலா கத்தினாள். கல்லை எடுத்து எறிந்தாள், முதுகுப் பையைக் கழற்றி எறிந்தாள். கடைசியில் அந்தச் செத்த ரிவால்வரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அதை நோக்கியே ஓடினாள். அவள் கத்தலுக்குப் பயந்ததோ, மானின் சூடான குடல் வாடைதான் இழுத்ததோ, கரடி மார்ஃபாவை விட்டுவிட்டு மானின் மேல் ஏறி நின்றுகொண்டது.

மிலா மார்ஃபாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இழுக்க முடிந்த ஒரே திசை மேல்பக்கம். ஓடை வளைகிற இடத்தில் படகு அளவுக்கு ஒரு பாறை, அதன் பின்னால் ஒரு குடைவு. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இப்போது கடலுக்கும் இவர்களுக்கும் நடுவில் கரடி. அதன் காலடியில் மானும் ரைஃபிளும். வயர்லெஸ் மிலாவின் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து அது யாரையும் எட்டாது. கரைக்குப் போனால்தான் பேச முடியும்.

மார்ஃபாவின் தொடையிலிருந்து ரத்தம் கொட்டியது. மிலா தன் பெல்ட்டைக் கழற்றித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். ஒரு குச்சியைச் சொருகி முறுக்கினாள். ரத்தம் குறைந்தது, நிற்கவில்லை. மார்ஃபாவின் உதடு வெளுத்திருந்தது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. ரிவால்வரைக் காட்டச் சொன்னாள். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"குண்டு பாதி வழியில நின்னுடுச்சு," என்றாள். "பாதி உருளையில, பாதி குழல்ல. தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அடியில இருக்கிற பொட்டு மட்டும் வெடிச்சுத் தள்ளியிருக்கு. உள்ள வெடிமருந்தே போடாம மூடியிருக்கான் படுபாவி."

"நான் தப்பா அழுத்திட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி. வெளிய வந்திருந்தா அது குறி தப்பியிருக்காது."

குழலின் வாய் வழியாக ஒரு கோலை விட்டுத் தட்டினால் குண்டு பின்னால் போகும், உருளை திறக்கும். அதை மார்ஃபா சொன்னாள். ஆனால் கோலுக்கு எங்கே போவது? துப்பாக்கி துடைக்கிற கம்பி படகில் கிடந்தது. மிலா ஆல்டர் கிளை ஒன்றை வெட்டிச் சீவிக் குழலுக்குள் விட்டு, ஒரு கல்லால் தட்டினாள். மூன்றாவது தட்டில் ஈரக்குச்சி நார் நாராகப் பிளந்தது. குத்தி எடுக்க வேண்டிய அடைப்புக்கு மேலே இன்னொரு அடைப்பு. அதை நகத்தாலும் கத்தி முனையாலும் நோண்டி எடுப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

தட்டுகிற சத்தம் கேட்டுக் கரடி தலையைத் தூக்கியது. பாறை ஓரத்திலிருந்து மிலா பார்த்தபோது அது இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது, மூக்கு மேலும் கீழும் அசைந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அது நாலு காலுக்கு இறங்கி, பாசியையும் மண்ணையும் வாரி மானின் மேல் போட்டு மூட ஆரம்பித்தது. கரடி இரையை மூடினால், விட்டுப் போகிற எண்ணம் இல்லை என்று அர்த்தம்.

மிலாவின் இடுப்பில் கத்தி தீட்டுகிற இரும்புக் கோல் ஒன்று எப்போதும் தொங்கும். ஆலையில் மீன் அறுக்கிற பெண்கள் எல்லாரும் வைத்திருப்பார்கள். பெல்ட்டைக் கழற்றியபோது அது கீழே விழுந்து கிடந்தது. மார்ஃபாதான் அதைப் பார்த்தாள். விரலை நீட்டிக் காட்டினாள். கோல் குழலுக்குள் லொடலொடவென்று இறங்கியது, பிடிக்கிற அளவுக்கு வெளியே மிச்சமும் இருந்தது. ட்ரெஃபோன் உயிரோடு இருந்து, தன் குழலுக்குள் யாராவது இரும்பை விடுவதைப் பார்த்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பான்.

சத்தம் கேட்காமலிருக்கத் தொப்பியைக் கோலின் தலையில் வைத்துக் கல்லால் அடித்தாள். அசையவில்லை. தொப்பியை எடுத்துவிட்டு அடித்தாள். இரும்பில் கல் படும் சத்தம் பள்ளம் முழுக்க எதிரொலித்தது. கரடி உறுமிக்கொண்டு பாறையை நோக்கிப் பாய்ந்து, பாதி தூரத்தில் நின்று, தரையை முன்னங்காலால் அறைந்தது. மிலா நிறுத்தவில்லை. இனிமேல் நிறுத்தினாலும் அதற்குத் தெரியாமல் போகப் போவதில்லை. விரலும் சேர்த்து நசுங்கியது. அப்போதுதான் கோல் ஒரு நகம் அளவு உள்ளே போனது. இன்னும் ஒரு அடி. உருளை தளர்ந்து பக்கவாட்டில் திறந்தது. மொண்ணைக் குண்டும் காலிக்கூடும் அவள் மடியில் விழுந்தன.

கரடி திரும்பி மானிடம் போனது.

இப்போது கையில் ஐந்து தோட்டாக்கள். எல்லாம் அதே பெட்டியில் வந்தவை, பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி. இதில் எது வெடிக்கும், எது வெடிக்காது? அடுத்ததும் மருந்தில்லாததாக இருந்தால் குழல் மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்போது கோலை விட்டுத் தட்டிக்கொண்டிருக்கக் கரடி நேரம் தராது.

மார்ஃபா ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். எதிலும் சத்தமில்லை. "நல்லதுலயும் சத்தம் வராது," என்றாள். "மருந்தை இறுக்கி அடைச்சிருப்பான். ஒண்ணுமே இல்லாததுலயும் வராது." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிலா உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். குளிரில் விரல் மரத்திருந்தது. எல்லாம் கனமாகத் தெரிந்தது, பிறகு எல்லாம் லேசாகத் தெரிந்தது. மார்ஃபாவின் கால் அடியில் மண் கறுத்துக்கொண்டே வந்தது. பெல்ட்டை இன்னும் முறுக்கினாள். மார்ஃபாவிடமிருந்து வலியில் சின்ன முனகல்கூட வரவில்லை. மிலாவுக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

மருந்துக்கும் எடை உண்டே என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. சின்ன வயதில் பிலிப்பைன்ஸில், இலோய்லோ சந்தையில் இறால் கருவாடு விற்கிறவர்கள் கையில் தூக்கிப் பிடிக்கிற தராசு ஞாபகம் வந்தது. தொப்பியிலிருந்து கம்பளி நூலை இழுத்து உருவினாள். நேரான குச்சி ஒன்றைச் சீவி, நடுவில் ஒரு நூல், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சுருக்கு. தோட்டாவின் அடிப்பக்க விளிம்பில் சுருக்கு நன்றாகப் பிடித்தது. காற்றடிக்காமல் இருக்கக் குடைவின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நூலைத் தூக்கினாள். ஒரு முனை சாய்ந்தது. தோட்டாக்களை இடம் மாற்றிப் போட்டாள். குச்சியின் குறையாக இருந்தால் அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். இந்தத் தடவை மறுபக்கம் சாய்ந்தது.

ஒவ்வொரு தடவையும் குச்சி ஆடி அடங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. மழை கோட்டுக்குள் இறங்கியது. நூல் ஒரு தடவை அறுந்து தோட்டா ஓடையை நோக்கி உருண்டது. மேலே விழுந்து பிடித்தாள். கடைசியில் ஐந்தும் இரண்டு குவியலானது. மூன்று கனமானவை, இரண்டு லேசானவை. லேசான ஒன்றை ஒரு சுருக்கில் மாட்டி, காலிக்கூட்டுக்குள் அந்த மொண்ணைக் குண்டைச் செருகி மறு சுருக்கில் மாட்டினாள். குச்சி நேராக நின்றது.

"மார்ஃபா, இதுலயும் மருந்து இல்ல. ரெண்டுல இல்ல. மூணு நல்லது."

மார்ஃபா கண்ணைத் திறக்காமலே, "நல்லதுன்னு சொல்லாதே. கனம்னு சொல்லு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மூணையும் போட்டுக்கிட்டுக் கிளம்பு. சரிவை ஒட்டிப் போ. கரையில போய்க் கூப்பிடு," என்றாள்.

"உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?"

"என்னைத் தூக்கிக்கிட்டு அதுக்குப் பக்கத்துல போவியா? இங்க உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா கால் ஒட்டிக்குமா? போ. எனக்குக் குளிருது. ரொம்பக் குளிருது. அதான் போன்னு சொல்றேன்."

ட்ரெஃபோனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மார்ஃபா அவளை நீ என்று கூப்பிட்டதில்லை.

மிலா தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தினாள். குழலைச் சட்டை நுனியால் துடைத்தாள். மூன்று தோட்டாவையும் அடுத்தடுத்து வருகிற மாதிரி உருளையில் போட்டாள். லேசான இரண்டையும் தவறிக்கூட எடுத்துவிடக் கூடாது என்று மார்ஃபாவின் பாக்கெட்டில் போட்டுவிட்டு, பாறையைச் சுற்றி வெளியே வந்தாள்.

கரடியிடம் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று ட்ரெஃபோன் சொல்லிக்கொடுத்திருந்தான். மிலாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தன் தாய்மொழியில் ஜெபம் சொன்னாளாம், பாதியில் மறந்துபோய் மீன்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனாளாம். எதிர்ப்பக்கச் சரிவில் முதுகு உரச, முகத்தைக் கரடிப் பக்கம் வைத்து, பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தாள். அது அவளையே பார்த்தது. காது பின்னால் மடிந்தது. அவள் அதற்கு நேராக வந்தாள், தாண்டவும் தாண்டினாள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வளைவு மறைத்திருக்கும். கால் வழுக்கியது.

கரடி வந்தது.

உட்கார்ந்த நிலையிலேயே விசையை அழுத்தினாள். இந்தத் தடவை இடி. கை மேலே தூக்கியது, காது அடைத்தது. கரடியின் தோள் மடங்கியது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. இரண்டாவது இடியின்போது அதன் வாயிலிருந்து வந்த ஆவி அவள் முகத்தில் பட்டது. அது அவள் காலை மிதித்துக்கொண்டே திசை மாறி, ஓடையைக் கலக்கி, ஆல்டர் புதருக்குள் புகுந்தது. கிளைகள் முறிகிற சத்தம் மேலே மேலே போயிற்று, பிறகு நின்றுவிட்டது. எங்கே நின்றது என்று தெரியவில்லை.

அவள் ஓடியது கடலுக்கு இல்லை, ரைஃபிளுக்கு. மண் குவியலில் அதன் கட்டை மட்டும் தெரிந்தது. இழுத்தாள். குழலின் வாய் நிறைய களிமண்ணும் பாசியும் இறுகியிருந்தது. அடைத்த குழலால் சுட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அதைப் போட்டுவிட்டு, ரிவால்வரில் ஒரே ஒரு தோட்டாவோடு கரைக்கு ஓடினாள்.

நான் என் படகில் இருந்தபோது வயர்லெஸில் அவள் குரல் வந்தது. முதலில் யாரென்றே தெரியவில்லை.

"கோஸ்மா அத்தான், மார்ஃபாவைக் கரடி கடிச்சிடுச்சு. ரத்தம் நிக்கல. சீக்கிரம் வாங்க."

இடத்தைக் கேட்டுக்கொண்டேன். கடலோரக் காவல் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டேன். விரிகுடாவின் கோடி முழுக்க மூடுபனி, அங்கே இறங்க முடியாது, எங்கள் ஊர்வரை கொண்டுவந்தால் முயற்சி செய்கிறோம் என்றார்கள். அதை மிலாவிடம் சொன்னேன். கரையிலேயே இரு, மேலே போகாதே, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்குள் அவள் படகின் தார்ப்பாயை உருவிக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விட்டிருந்தாள்.

காயம்பட்ட கரடி புதருக்குள் இருக்கும்போது அந்தப் பள்ளத்தில் நுழைய எங்கள் ஊரில் நாலு துப்பாக்கியோடு நாலு ஆண்கள்கூடத் தயங்குவார்கள். அவள் மார்ஃபாவைத் தார்ப்பாயில் உருட்டி, ஓடைத் தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீரில் கனம் தெரியாது என்று நினைத்தாளாம். கல் தடுக்கிய இடமெல்லாம் முழங்காலில் உட்கார்ந்து தூக்கினாள். மார்ஃபா தூங்கிவிடக் கூடாது என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

"என்ன கனம் கனக்குற. இத்தனை நாளா என்னத்தைத் தின்ன?"

பதில் வர ரொம்ப நேரமானது. "நீ பொங்கின சோறுதான்."

"அப்ப தினமும் குழைஞ்சுபோச்சுன்னு சொன்னியே?"

"குழைஞ்சுதான் போச்சு," என்றாள் மார்ஃபா. அதற்குப்பிறகு அவளிடமிருந்து வார்த்தை வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் தண்ணீர் ஓரத்தில் இருந்தார்கள். மிலா படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்ஃபாவின் தலை அவள் மடியில். ரிவால்வர் பள்ளத்தைப் பார்த்து நீண்டிருந்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தோளைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ஒண்ணுதான் இருக்கு அத்தான்," என்றாள். "அதுவும் வெடிக்குமான்னு தெரியாது. நீங்க முதல்ல அவளைத் தூக்குங்க."

மார்ஃபாவைத் தூக்கிப் படகில் போட்டபோது செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். என் கன்னத்தை அவள் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எது அவள் மூச்சு, எது கடல்காற்று என்று பிரிக்க முடியவில்லை. வழியெல்லாம் மிலா அவள் மேல் படுத்துக்கொண்டு உடம்புச் சூட்டைக் கொடுத்தாள். ஊருக்கு வரும்போது பனி கொஞ்சம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் ஹெலிகாப்டர் இறங்கியது.

கரடியை நாங்கள் தேடினோம். புதருக்குள் கொஞ்ச தூரம் ரத்தம் இருந்தது, பிறகு மழை கழுவிவிட்டது. அந்தக் குளிரில் அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. மிச்சமிருந்த தோட்டாக்களையும் பெட்டியையும் வனவிலங்கு அதிகாரி வாங்கிக்கொண்டு போனார். கடைசியாக ரிவால்வரில் இருந்ததைச் சுட்டுப் பார்த்தார்களா, வெடித்ததா என்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. முதல் பனி விழுந்த பிறகு அந்தச் சரக்கு முழுவதையும் கம்பெனி திரும்பப் பெறுகிறது என்று கடைக்குத் தகவல் வந்தது. கம்பெனி ஆள் ஒருவர் மிலாவுக்கு ஃபோன் செய்து வருத்தம் தெரிவித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அந்தக் குரல் அங்கேயே கொஞ்ச நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

தீவைத் தாண்டி, ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் மார்ஃபாவின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவள் கண் விழித்தபோது நானும் மிலாவும் கட்டிலருகே இருந்தோம். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை மார்ஃபா பார்த்தாள். அப்புறம் வெகுநேரம் கூரையைப் பார்த்தாள்.

"மான் பூரா அதுக்கே போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் மிலா.

"நல்ல கொழுத்த மான் அண்ணி அது."

அந்தப் பள்ளத்தில் ஆல்டர் குச்சி பிளந்தபோது அழுததற்குப் பிறகு மிலா அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதாள். நர்ஸ் ஓடி வந்து என்னவென்று கேட்கிற அளவுக்கு அழுதாள். மார்ஃபா கையை நீட்டி அவள் தலையில் வைத்தாள். அந்தக் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் நர்ஸ் திட்டினாள்.

வீட்டை மிலா வசந்த காலத்தில் விற்றுவிட்டாள். ஊரில் சிலர் அதைப் பற்றிக் கண்டபடி பேசினார்கள், மார்ஃபாவே பேச விடவில்லை. செயற்கைக் கால் பொருத்திப் பழக நகரத்தில்தான் இருந்தாக வேண்டும், இங்கே படிக்கட்டும் சேறும் அவளுக்கு ஒத்துவராது. இரண்டு பேரும் துறைமுகத்துக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தேன். சோறு குழைந்திருந்தது.